பனந்துறைத் திரிக்காரியின் அந்திக் கூவல்

நீரும் நெறியும் நிலைத்திருக்குக. கடலும் வயலும் ஒரே கரையில் சந்திக்கும் நெய்தலங்கோட்டு நாட்டைக் கொக்கு இலச்சினை தாங்கி ஆளும் அரசி வானமங்கையாரின் பணியினால், தலைமை அமைச்சர் ஏனாதி நன்னாகன், பனந்துறைக் கோட்டத்தைக் காத்துவரும் கோட்டத்தலைவர் கடம்பனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிரம்புக. தங்கள் துறையில் கட்டிய ஓடங்கள் கயிறறுந்து போகாதிருக்குக. தங்கள் இல்லத்தார் நோயின்றி வாழ்க. இங்கே அரசியார் நலம், அரண்மனை நலம். ஆயினும் இவ்வோலை நலம் கேட்க மட்டும் வருவதன்று.

வரும் முழுநிலாச் சந்தை கூடுமுன் இது தங்கள் கையில் சேரவேண்டும். சேராவிட்டால் குற்றமற்ற மூவர் பனந்துறையை விட்டு விலக்கப்படுவர். ஒரு பெண் தன் பிழைப்பை இழப்பாள். அவற்றைப் பின்னர் திருப்பித் தருவது அரசியாராலும் இயலாது. மழை விடவில்லை என்றும், இடைவழி ஆறு பெருகிக் கிடக்கிறது என்றும் தூதர் சொல்கின்றனர். குதிரை கடக்காவிட்டால் ஓடத்திலும், ஓடம் கிடைக்காவிட்டால் நீந்தியும் வரும்படி அஞ்சலாளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஓலையைப் பிரித்த கையோடு முழுவதும் படிக்கும்படி வேண்டப்படுகிறது. ஆணை கடைசியில் இருக்கிறது. ஆனால் நடந்ததை அறியாமல் ஆணையை மட்டும் நிறைவேற்றினால் அது பாதி நீதியாகவே முடியும் என்பது அரசியார் கருத்து. பேசியவர்களின் சொல்லை அவரவர் வாய்மொழியிலேயே எழுதும்படியும் அவர் பணித்திருக்கிறார்.

பனந்துறைச் சந்தையின் வழக்கம் தாங்கள் அறிந்ததே. எனினும் நாளை வேறு யாரேனும் இவ்வோலையை எடுத்துப் படிக்கக்கூடும் என்பதால் அது இங்கே எழுதப்படுகிறது. அங்கே கடை வைப்பவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கூவலை வைத்துக்கொள்வர். சந்தைக் கண்காணியின் முன்னிலையில் அதை ஒருமுறை உரக்கச் சொல்லிக் காட்டிவிட்டால் அது அவருடையது. அந்தச் சொற்களை வேறொருவர் கூவி விற்பது குற்றம். ஆனால் ஒரு திங்கள் முழுதும் அந்தக் கூவல் அந்தத் தெருவில் கேட்காமல் போனால் உரிமை அற்றுவிடும். பிறகு வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். கேட்டதா இல்லையா என்று கடைக்காரரிடம் வினவுவதில்லை. தன் கூவலைத் தான் விட்டுவிட்டதாக எந்த வணிகரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை என்பதே காரணம். தெருவில் குடியிருப்பவர் மூவரை அழைத்து, எரியும் விளக்கின்மேல் கையை நீட்டச் செய்து, உங்கள் காதில் கேட்டதா என்று வினவுவர். இதற்குச் செவிச்சான்று என்று பெயர். பொய்யான செவிச்சான்று சொன்னவர் அதன்பின் பனந்துறையில் ஒரு பிடி உப்பைக்கூட விற்கவோ வாங்கவோ முடியாது.

படித்துறைத் தெருமுனையில் விளக்குத்திரி விற்பவள் கொற்றி. கணவனைக் கடல் கொண்டுபோனபின், வாய்க்காலுக்கு அப்பால் ஒரு குடிசையில் தனியே வாழ்பவள். பகலெல்லாம் பருத்தியைத் தொடையில் வைத்து உருட்டித் திரியாக்குவாள். எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். அவற்றை வாழைநாரால் கட்டுக்கட்டாகக் கட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டு, வெயில் தணியும் நேரத்தில் அந்த முனைக்கு வந்து நிற்பாள். இவள் பிறவிக் கூச்சக்காரி. எதிரே வருபவர் முகம் பார்க்க நேர்ந்தால் கூடைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வாள். இப்படிப்பட்டவள் தெருவில் நின்று கூவி விற்கவேண்டி வந்தது.

சந்தைக் கண்காணி தத்தன் முன்னிலையில் கூவிக் காட்டவேண்டிய அன்று அவள் தத்தனைப் பார்க்காமல், அங்கிருந்த தூணைப் பார்த்துக்கொண்டு கூவினாள். அதற்கென்று சொற்களைத் தேடிச் சேர்க்கும் துணிவு அவளுக்கு இல்லை. வீட்டில் தனக்குத்தானே அந்திதோறும் சொல்லிக்கொள்வதையே சொல்லிவிட்டாள்.

“பொழுது சாயுது. திரி இருக்கா வீட்டிலே?”

இது கூவலா, பக்கத்து வீட்டுக்காரி விசாரிக்கிறாளா என்று தத்தன் கேட்டாராம். கூடியிருந்தவர் சிரித்தனர். அந்தச் சிரிப்பை இன்னொருமுறை தாங்க முடியாது என்ற ஒரே காரணத்தால், அந்தக் கூவலை மாற்றவேண்டும் என்று எத்தனையோ முறை தோன்றியும் அவள் மாற்றவில்லை. மாற்றினால் மறுபடியும் தத்தன் முன் நிற்கவேண்டுமே.

முதல் மழைக்காலம் முழுதும் யாரும் அவளிடம் திரும்பவில்லை. அவள் கூவுவாள், தெரு அதன்போக்கில் போகும். விற்காத கட்டுகளைச் சுமந்துகொண்டு வாய்க்கால் வரப்பில் திரும்பும்போதெல்லாம், நாளைக்கு வரவேண்டாம் என்று முடிவு செய்வாள். மறுநாள் வெயில் தணியும்போது, இன்று ஒருநாள் மட்டும் போய்ப் பார்ப்போம் என்று கூடையை எடுப்பாள். நாளையும் யாரும் திரும்பமாட்டார்களோ என்ற பயம் அந்தக் காலத்தில் அவளுக்கு வந்தது. இன்றுவரை அது முழுதும் போகவில்லை என்று அரசியாரிடம் சொன்னாள்.

எதிர்வரிசையில் எண்ணெய் வணிகர் அழிசியின் பெரிய கடை. அவர் நாட்டுக்கு நல்ல எண்ணெய் தருபவர், அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு சந்தைக்கும் புதியதாக ஒன்றைக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு சந்தைக்குப் பறை முழக்குவார். மறு சந்தைக்குக் கூத்தரை ஆடவைப்பார். அதற்கடுத்ததில் யானைக்கன்று ஒன்றைப் பூச்சூட்டிக் கடைமுன் நிறுத்துவார். கூட்டம் முட்டிமோதும். வீடு திரும்பியவர்களிடம் எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்டால், யானைக்கன்று பார்க்க என்பார்கள். எண்ணெய் அன்று வேறெங்கோ வாங்கியிருப்பார்கள். கூவலையும் அவர் சந்தைக்கொன்றாக மாற்றிக்கொண்டிருந்ததால், அழிசியின் கூவல் எது என்று கேட்டால் அழிசிக்கே சொல்லத் தெரியாது.

ஒருநாள் கடைவாயிலில் நின்றுகொண்டு அவர் கொற்றியைக் கேட்டாராம்: “ஏம்மா, தினமும் அதே கேள்வியக் கேக்குறியே, யாராச்சும் இதுவரைக்கும் பதில் சொன்னாங்களா?”

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அடுத்த சில நாளில், திருவிழாக்களுக்குப் பாட்டுக்கட்டும் ஒருவன் அவள்மேல் இரக்கப்பட்டோ, ஒரு கட்டுத் திரிக்கு ஆசைப்பட்டோ, மங்கல ஒளி வளர்க்கும் மலர்த்திரி வாங்குவீர் என்று நீளமாக ஏதோ கட்டிக்கொடுத்தான். இடத்தையும் மாற்றிப் பார் என்றான். கண்காணிக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்று பயந்து பயந்து, அவள் ஒரே ஓர் அந்தியில் கோயில் வாசலுக்குப் போய் அதைக் கூவினாள். வாடிக்கையாக வாங்கத் தொடங்கியிருந்த மீனவப்பெண் ஒருத்தி அவளை உரசிக்கொண்டே கடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் படித்துறை முனையில் அதே பெண் வந்து, நேற்று நீ ஏன் வரவில்லை, என் வீட்டில் விளக்கு அரைகுறையாக எரிந்தது என்று சண்டை பிடித்தாள். அதன்பின் கொற்றி முனையையும் மாற்றவில்லை, சொல்லையும் மாற்றவில்லை.

ஆட்கள் எப்போது சேரத் தொடங்கினர் என்று அரசியார் கேட்டதற்கு அவளால் ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல இயலவில்லை. போன அறுவடையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் வீட்டில் திரி தீர்ந்தது என்று ஒருத்தி வந்தாளாம். பிறகு அவள் நாத்தனார் வந்தாளாம். வந்தவர்கள் கேட்ட நீளம் கிடைத்தது. நேற்றைய கட்டுக்கும் இன்றைய கட்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே வந்தவர்கள் வந்துகொண்டிருந்தனர். பெரிய செல்வம் ஒன்றும் சேரவில்லை. பசியில்லாமல் படுத்தாள். அவள் கேட்டதும் அவ்வளவே.

கொற்றிக்கு இந்தக் கார்காலத் தொடக்கத்தில் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியும் தொண்டை திறக்கவில்லை. காற்று வந்தது, குரல் வரவில்லை. வாய்க்கால் பெருகிக் கிடந்ததால் படித்துறைத் தெருவுக்குப் போகவும் முடியவில்லை. பக்கத்துக் கடை உப்புக்காரி பூதி மட்டும் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். பூதி நல்ல மனசுக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். தெருமுனை எப்படி இருக்கிறது என்று மட்டும் கொற்றி கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம். குடிசையில் படுத்தபடி, ஒவ்வோர் அந்தியிலும் உதட்டை மட்டும் அசைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வாள். தன் கூவல் தெருவில் நாளுக்குநாள் தேய்ந்துகொண்டிருக்கிறது என்றும், நிலவு மறுபடி நிறையும்போது அது முற்றாக இல்லாமல் போய்விடும் என்றும் எண்ணி எண்ணி, வந்த நோயை அவளே இன்னும் கொஞ்சம் நீட்டித்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

திங்கள் கழிந்த மறுநாளே அழிசி கண்காணியிடம் போனார். கொற்றியின் கூவல் அற்றுப்போயிற்று, அதை எனக்கு எழுதிக்கொடுங்கள் என்றார். தத்தன் முறைப்படி விளக்கேற்றிச் செவிச்சான்றுக்கு மூவரை அழைத்தார். ஓடக்காரர் ஒருவர், தயிர்க்காரி ஒருத்தி, உப்புக்காரி பூதி. மூவரும் விளக்கின்மேல் கையை நீட்டி, அந்தக் கூவல் ஒருநாள் தவறாமல் அந்தித் தெருவில் கேட்டது என்றனர்.

கூட்டம் திகைத்தது. கொற்றி படுக்கையில் கிடந்தது ஊருக்கே தெரியும். அழிசி முன்னே வந்து, “செத்துப்போன குரலுக்கு மூணு பேர் சாட்சியா?” என்று கேட்டார். யார் வாயிலிருந்து கேட்டது என்று தத்தன் வற்புறுத்தினார். ஓடக்காரரும் தயிர்க்காரியும் விழித்தனர். பூதி மட்டும் சொன்னாள்:

“கேட்டது கேட்டதுதான். யார் வாயிலன்னா எப்படிச் சொல்ல? என் வாயிலகூட இருந்திருக்கும். அந்தி நேரத்துல எவ வாயை எவ பாத்துக்கிட்டு இருக்கா?”

இதைக் கேலி என்று எடுத்துக்கொண்ட தத்தன் கோபம் கொண்டார். என்றாலும் அவர் நேர்மையானவர். மூவர் கை விளக்கின்மேல் இருந்ததைத் தம் கண்ணால் கண்டவர். முடிவெடுக்க அஞ்சி, முழுநிலாச் சந்தைக்குள் அரசாணை வேறாக வராவிட்டால் கூவல் அழிசிக்கு உரியது, பொய்ச்சான்று கூறிய மூவரும் விலக்கப்படுவர் என்று அறிவித்து, நடந்ததை ஓலையில் எழுதி அரசியாருக்கும் அனுப்பிவிட்டார்.

இந்தச் செய்தி கொற்றிக்குப் பூதியின் வாயாலேயே வந்தது. கொற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்குரலில், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

“நீ ஒண்ணும் பேசாத, சும்மா கெட” என்றாள் பூதி. “அது ஒண்ணுதான் இப்ப உனக்கு நல்லா வருது.”

பூதி இதை வேடிக்கையாகச் சொன்னாள். கொற்றி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். மூவரும் தன்மேல் இரக்கப்பட்டுக் கூடிப்பேசிப் பொய் சொல்லிவிட்டனர், அதை மறைக்கத்தான் தன் வாயை அடைக்கிறார்கள் என்று அவள் மனம் முடிவுகட்டிவிட்டது. தான் போய்க் கூவாத தெருவில் கூவல் எப்படிக் கேட்கும்? தன் கூவலுக்காகப் பூதியின் உப்புக்கடை போகவேண்டுமா? தன்னைப் போன்ற ஒருத்திக்காக ஓடக்காரர் துறையை இழக்கவேண்டுமா? பொழுது விடிந்ததும் ஒரு கட்டுத் திரியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தலைநகருக்கு நடக்கத் தொடங்கினாள். மழையில், சேற்றில், வழிகேட்க வாய் கூசி, வண்டித்தடத்தை மட்டும் பார்த்து நடந்து வந்து சேர்ந்தாள்.

அவள் மன்றத்துக்குள் விடப்பட்டபோது மாலை. அரசியாரின் முன் நின்றதும் அவளுக்கு வந்த கொஞ்சக் குரலும் போய்விட்டது. உரக்கச் சொல் என்று இவ்வோலை எழுதும் அமைச்சர் இருமுறை சொல்லவேண்டியதாயிற்று. கடைசியில் அரசியார் இருக்கையை விட்டு இறங்கிவந்து அவள் அருகில் நின்றார். அதன்பின் அவள் முதலில் சொன்னது இவ்வளவே: கூவலை எண்ணெய்க்காரருக்கே கொடுத்துவிடுங்கள்; மூவரும் எனக்காகப் பொய் சொல்லிவிட்டார்கள்; அவர்களை மன்னித்துவிடுங்கள்.

இங்கே தாங்கள் ஒன்றைக் கருதவேண்டும். செவிச்சான்று பொய்யென்று உரியவளே வந்து சொல்லிவிட்டால், அதை மன்னிக்கும் வழி நம் முறையில் இல்லை. அவள் அதை அறியாமல், காப்பாற்ற வந்தவர்களின் கழுத்தில் தானே கயிற்றைப் போட்டுவிட்டாள். அமைச்சர் எழுத்தாணியை எடுத்து, மூவரையும் விலக்கும் முடிவை எழுதத் தொடங்கினார். எழுத்தாணி எதை எழுதுகிறது என்று யாரோ அவளுக்குச் சொன்னார்கள். அவள் கூக்குரலிட வாய் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. அப்படி ஒரு முகத்தை இந்த மன்றம் அண்மையில் கண்டதில்லை.

அரசியார் அவளை அமைதிப்படுத்துவதற்காகவே வேறொன்றைக் கேட்டார். யாரும் வாங்காத காலத்திலும் ஒவ்வோர் அந்தியும் ஏன் போய் நின்றாய், சந்தை நாளில் மட்டும் போயிருக்கலாமே என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எந்த வீட்டுல என்னிக்குத் தீரும்னு எனக்குத் தெரியாது தாயே. அதனால தினமும் கேட்டேன்.”

சாளரத்தில் வெளிச்சம் மங்கியது. விளக்கேற்றும் பணிப்பெண்கள் இருவர் எண்ணெய்ச் சாடியுடன் வழக்கம்போல் பக்கவாயிலால் வந்தனர். இங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. முன்னே வந்தவள் வேம்பி என்னும் பெண். அவள் சாளரத்துப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவளிடம் தணிந்த குரலில், பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல் சொன்னாள்:

“பொழுது சாயுது. திரி இருக்கா வீட்டிலே?”

“இருக்கு, இருக்கு” என்றாள் மற்றவள், ஏதோ பழகிய விளையாட்டுக்குப் பதில் சொல்வதுபோல.

அமைச்சரின் எழுத்தாணி நின்றது. அரசியார் கையை உயர்த்தி, இப்போது என்ன சொன்னாய் என்று வேம்பியைக் கேட்டார். வேம்பி சாடியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

“நான் ஒண்ணும் சொல்லலையே, தாயே.”

அவள் பொய் சொல்லவில்லை. தான் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. திரும்பச் சொல்லிக் காட்டும்படி மற்றவளைப் பணித்தபோதுதான், ஆமாம், இவள் அந்திக்கு அந்தி இதைச் சொல்வாள், இவளிடமிருந்து எங்களுக்கும் தொற்றிக்கொண்டது, சமையற்கட்டில்கூடச் சொல்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். எங்கே கற்றாய் என்று வேம்பியைக் கேட்டார்கள். கற்றதாக நினைவில்லை என்றாள். எந்த ஊர் என்றார்கள். பனந்துறை, படித்துறைத் தெரு. சென்ற ஆண்டுதான் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன் என்றாள். அப்போதுதான் தூணோரம் நின்றவளைக் கண்டாள். “திரிக்கார அக்கா, நீ எங்க இங்க?” என்று மன்றத்தை மறந்து கேட்டாள்.

கொற்றி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் அரசியார் கூறிய முடிவு இது. மூவரும் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் தவறாமல், ஒரே முனையில், ஒரே வேளையில், ஒரே சொல்லால் கேட்கப்பட்ட கேள்வி தெருவின் வாய்க்குள் போய்விட்டது. கொற்றி படுத்த நாளிலும் வெயில் தணிந்தது. தணிந்ததும் யாரோ ஒருத்தி தன் வீட்டுப் படியில் நின்று அதைச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி பதில் சொன்னாள். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்? அதனால்தான் யார் வாயில் கேட்டது என்று ஓடக்காரருக்கும் தயிர்க்காரிக்கும் சொல்லத் தெரியவில்லை. பூதி கேலி பேசவில்லை. தத்தன் முன் மிகச் சரியாகச் சான்று சொன்னவள் அவளே. தெருவின் காதுதான் அளவுகோல் என்று நம் முன்னோர் வைத்த வழக்கத்தின்படி, கூவல் ஒருநாளும் அறவில்லை.

மேலும் அரசியார் ஒன்று கேட்டார். அதை அழிசிக்கு அப்படியே படித்துக்காட்டவேண்டும். அந்தக் கூவல் செத்துப்போயிற்று என்றால், பறையும் கூத்தும் யானைக்கன்றும் வாங்க வல்ல வணிகர் செத்த கூவல் ஒன்றை ஏன் கேட்டு ஓடிவந்தார்? அந்தி நேரத்தில் தம் கடைவாயிலில் நின்று தெரு முழுதும் அதைச் சொல்வதை அவர் காதாலும் கேட்டிருக்கிறார். ஆகவே நான்காவது செவிச்சான்று அவருடையது. விளக்கின்மேல் கையை நீட்டச் சொன்னால் அவரும் மறுக்கமாட்டார் என்று அரசியார் நம்புகிறார்.

முடிவைக் கேட்டபின் கொற்றி மகிழ்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அவள் முகத்தில் பழைய கலக்கம் திரும்பிவிட்டது. தன் குரல் மாறிப்போயிற்றே, கரகரக்கிறதே, இனிக் கேட்பவர்களுக்கு இது யார் என்று தெரியுமா என்று கேட்டாள். வேம்பியின் குரல் உன் குரலா என்று அரசியார் திருப்பிக் கேட்டார். அவள் சாளரத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த ஈரத்திரிக் கட்டை எடுத்து வேம்பியின் கையில் வைத்தாள். பிறகு, ஓலை எழுதி முடியும்வரை தங்கிப்போகும்படி சொல்லியும் கேட்கவில்லை.

“முழுநிலா அந்திக்கு அங்க நிக்கணும். இப்பக் கிளம்பினாத்தான் ஆகும்” என்றாள்.

வண்டி தருகிறோம் என்றதற்கு, வண்டிக்காரரோடு வழிநெடுகப் பேசிக்கொண்டு போகவேண்டுமே என்று தயங்கி, நடந்தே போய்விட்டாள். அவள் போன வழியில்தான் இந்த மழை பெய்துகொண்டிருக்கிறது. அரசியார் இருமுறை வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

ஆகவே ஆணை. கூவல் கொற்றியினுடையது. அழிசிக்கு அதில் உரிமையில்லை. அவர்மேல் தண்டமும் இல்லை. தமக்கென ஒரு கூவலை வைத்துக்கொண்டு, அடுத்த கார்காலம்வரை அதை மாற்றாமல் கூவிப் பார்க்கும்படி அரசியார் அவர்க்கு அறிவுரை சொல்கிறார். ஓடக்காரர், தயிர்க்காரி, உப்புக்காரி பூதி ஆகிய மூவரின் சான்றும் மெய். கண்காணி தத்தன் அவர்களிடம் சந்தை நடுவில் வருத்தம் தெரிவிக்கவேண்டும். பூதி அப்போது ஏதேனும் சொன்னால் அவர் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த ஆணையைக் காட்டி இனிக் கூவாமல் இருந்துகொள்ளலாம் என்று கொற்றி நினைக்கமாட்டாள். என்றாலும் முறைக்காக எழுதப்படுகிறது. தெரு எத்தனை நாள் அவளுக்காகச் சொல்லும் என்பதை யாரும் அறியார். உரிமையை அரசு தரலாம். நாளைய அந்தியை அவள்தான் போய்ப் பிடிக்கவேண்டும்.

அஞ்சலாள் வழியில் அவளைக் கண்டால், ஒன்றும் பேசாமல் குதிரையில் ஏற்றிக்கொள்ளும்படி அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. காணாவிட்டால், ஆற்றுத்துறைகள் அனைத்திலும் ஓர் ஓடம் அவளுக்காகக் காத்திருக்கத் தாங்கள் ஆவன செய்யவேண்டும். பனந்துறைக் கோட்டை வாயிலை அவள் வரும்வரை அடைக்கலாகாது. முழுநிலாச் சந்தை அன்று வெயில் தணியும்போது தாங்களும் கண்காணியும் படித்துறைத் தெருமுனையில் நிற்கவேண்டும். அவள் வந்துவிட்டால் இருவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்காவது பார்த்துக்கொண்டு நிற்க. குரல் எழவில்லையென்றால் பொறுத்திருக்க. அவள் வராமலே பொழுது சாய்ந்துவிட்டால், ஒரு சொல்லும் சொல்லாமல் காத்திருக்க. தெரு கேட்கும்.

இது அரசி வானமங்கையாரின் ஆணை. அரக்கில் பதித்த கொக்கு இதற்குச் சான்று. அலை கரையை மறக்காததுபோல் அரசு குடியை மறவாதிருக்குக. கையெழுத்து, தலைமை அமைச்சர் ஏனாதி நன்னாகன்.

முடித்தபின் அரசியார் சேர்க்கச் சொன்னது: அரண்மனை விளக்கறையில் திரி தீர்ந்துவிட்டது. கொற்றி விட்டுச்சென்ற கட்டு நனைந்திருந்தும், உலர்த்தியபின் நன்றாக எரிகிறது. அஞ்சலாள் திரும்பும்போது, அவளிடம் முறைப்படி விலைகொடுத்து, அதே நீளத்தில் வாங்கிவருக.